மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு விரிசல்: முறிவு, ரத்தக்குழாய், மீட்சி

1994 ஆகஸ்ட் 20. அமெரிக்காவின் மிச்சிகன் ஓட்டக்களத்தில் பயிற்சியின்போது எர்னி இர்வன் என்ற வீரரின் பந்தயக் கார் சுவரில் மோதியது. மண்டையோட்டு அடித்தளத்தில் முறிவு, மூளையில் காயம், நுரையீரலிலும் காயம். பிழைப்பதற்கு நூற்றுக்குப் பத்து வாய்ப்புதான் என்றார்கள் மருத்துவர்கள். ஓராண்டுக்கும் மேல் கழித்து, 1995-ல், இரட்டைப் பார்வை தீராததால் ஒரு கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டு இர்வன் மீண்டும் பந்தயத்தில் இறங்கினார். 1997 ஜூனில், தன்னைச் சாய்த்த அதே மிச்சிகன் களத்தில் முதலாவதாக வந்தார்.

2001 பிப்ரவரி 18. டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்று. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதி நின்றது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகத் தோன்றவில்லை. கார் உருளவில்லை, பிய்ந்து சிதறவில்லை. ஆனால் எர்ன்ஹார்ட் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் தெரியவந்ததும் மண்டையோட்டு அடித்தள முறிவுதான்.

இரண்டு காயத்துக்கும் ஒரே பெயர். ஒருவர் கோப்பை வாங்கினார். மற்றவர் களத்தை விட்டு உயிரோடு வரவில்லை. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் கடந்த ஐம்பது ஆண்டுகளாக விபத்து மருத்துவம் துருவிக்கொண்டிருக்கும் கேள்வி. அடி எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் விழுந்தது என்பது பாதி விடை. எலும்போடு ஒட்டி ஓடும் ரத்தக்குழாய்கள் தப்பினவா என்பதும், தப்பவில்லையென்றால் அதை யார், எத்தனை மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தார்கள் என்பதும் மீதிப் பாதி. முன்னதை யாராலும் மாற்ற முடியாது. பின்னதை மாற்றலாம் என்பதற்கு இன்று போதுமான சான்று சேர்ந்திருக்கிறது.

தளமும் துளைகளும்

மண்டை என்றதும் நம் கை உச்சந்தலைக்குத்தான் போகும். மூளை உட்கார்ந்திருக்கும் தளமோ கண்ணுக்கும் மூக்குக்கும் மேலே தொடங்கி, காதுகளுக்கு நடுவே சென்று, பிடரியில் முடிகிறது. நெற்றியெலும்பு, மூக்கின் கூரையான எத்மாய்டு, நடுவிலிருக்கும் ஸ்பீனாய்டு, இரு பக்கக் காதெலும்புகள், பிடரி எலும்பு எல்லாம் கூடி அமைந்த தளம் அது. முன், நடு, பின் என மூன்று பள்ளங்களாகப் படிப்படியாக இறங்கும்.

இந்தத் தளம் முழுக்கத் துளைகள். மணம் அறியும் நரம்பிழைகள் முன்பகுதியின் சல்லடை போன்ற தகட்டின் வழியே மேலேறுகின்றன. பார்வை நரம்புக்கு ஒரு வழி, விழியை அசைக்கும் நரம்புகளுக்கு ஒரு வழி, முக நரம்புக்கும் செவி நரம்புக்கும் ஒரு வழி. தண்டுவடம் இறங்குவதற்குப் பின்பகுதியில் ஒரு பெருந்துளை. இவற்றோடு, கழுத்திலிருந்து ஏறிவரும் உட்கரோட்டிட் தமனி காதெலும்பின் கெட்டியான பகுதிக்குள் ஓர் எலும்புக் குழாயில் வளைந்து நுழைந்து, கண்ணுக்குப் பின்னாலிருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக் குளத்தைக் கடந்து மூளையை அடைகிறது. துளை இருக்கும் இடத்தில் எலும்பு மெலிந்திருக்கும். விரிசல் மெலிந்த இடம் பார்த்துத்தான் ஓடும். கைமுறிவு போல இதை வெறும் எலும்புச் சமாச்சாரமாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

தலையில் நேரடி அடி விழாமலும் இந்த முறிவு வரும். பந்தயக் காரில் வார்ப்பட்டை உடம்பை இருக்கையோடு பிடித்து நிறுத்திவிடும். தலைக்கவசத்தின் எடையையும் சேர்த்துக்கொண்டு தலை முன்னே பாயும். கழுத்து அதைப் பின்னுக்கு இழுக்கிற இழுப்பில் பெருந்துளையைச் சுற்றி எலும்பு வளையமாகப் பிளக்கும். அங்கேதான் மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்தும் மூளைத்தண்டு இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பார்ட், பந்தய வீரரான தன் மைத்துனர் ஜிம் டவுனிங்கோடு சேர்ந்து 1980களிலேயே இதற்கு ஒரு தடுப்பு செய்திருந்தார். தோளில் அமரும் காலர் ஒன்று, அதிலிருந்து தலைக்கவசத்துக்கு இரண்டு வார்கள். 'ஹான்ஸ்' என்று பெயர். வீரர்கள் பலர் இடைஞ்சல் என்று ஒதுக்கினார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அதே ஆண்டு அக்டோபரில், அமெரிக்கக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது; 2003-ல் ஃபார்முலா ஒன் பின்தொடர்ந்தது. அதன்பின் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் ஒரு வீரர்கூட ஓட்டத்தில் இறக்கவில்லை.

படுக்கையருகே தெரியும் அடையாளங்கள்

ஸ்கேன் வருவதற்கு முன்பே இந்த முறிவை ஊகிக்க மருத்துவர்கள் கற்றிருந்தார்கள். கண்ணில் அடிபடாமலே இரு கண்களைச் சுற்றியும் கருநீலமாக ரத்தம் கட்டுவது முன்பகுதி முறிவின் அடையாளம். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பின் மேல் கன்றிப்போவது நடு, பின்பகுதி முறிவின் அடையாளம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை விவரித்த ஆங்கில அறுவை மருத்துவர் வில்லியம் ஹென்றி பேட்டிலின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் தேங்குவது இன்னொன்று. இவற்றில் ஒரு வம்பு உண்டு: கன்றல் மேலே தெரிய ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். அடிபட்ட அன்று இரவு காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லையே என்று நிம்மதி அடைய முடியாது.

மூக்கிலோ காதிலோ வழிவது வெறும் ரத்தமா, மூளையைச் சூழ்ந்த திரவமும் அதில் கலந்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பழைய முறை எளிது. வழிவதில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்ப்பார்கள். ரத்தம் நடுவில் சிவப்புப் பொட்டாகத் தங்கும். மூளைத் திரவம் அதைத் தாண்டிப் பரவி வெளிறிய வளையமாக நிற்கும். கண்ணீரோ உமிழ்நீரோ ரத்தத்தில் கலந்தாலும் இதே வளையம் வரக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்புவதில்லை. பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அந்தத் திரவத்தில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்தால் சந்தேகம் தீரும்.

பெரும்பாலான கசிவுகள், தலையை உயர்த்திப் படுக்க வைத்து, மூக்குச் சிந்தாமல் முக்காமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்துக்குள் தாமாக நின்றுவிடும். அதற்கு மேல் நீடித்தால் மூளையுறைக் காய்ச்சலுக்கான ஆபத்து ஏறும். அப்போது அறுவை சிகிச்சையில் அடைக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சலைத் தடுக்கலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு, காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் ஆதாரம் காணவில்லை. உணவுக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்தக் கூடாது என்ற விதியோ அனுபவத்தில் வந்தது. உடைந்த மூக்குக் கூரை வழியாகக் குழாய் மூளைக்குள்ளேயே போய்விட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பேச்சும் நினைவுமாக ஓர் இரவு

ரத்தக்குழாய்க்கு இந்த முறிவில் என்ன ஆகிறது? தமனியின் சுவர் மூன்று அடுக்கு. கழுத்தில் அது தாராளமாக அசையும். எலும்புக் குழாய்க்குள் நுழைந்ததும் இறுகப் பிடிக்கப்படும். தலை சடாரென்று திரும்பும்போதோ எலும்பு விரியும்போதோ, அசையும் பகுதிக்கும் அசையாத பகுதிக்கும் இடையே உள்ளடுக்கு கிழிகிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் கசியாது. கிழிசலின் ஓரத்தில் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாக வளரும். கட்டி குழாயை அடைக்கலாம், அல்லது ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளலாம். விளைவு பக்கவாதம்.

இதற்கு நேரம் பிடிக்கும். பல நோயாளிகளிடம் 10 முதல் 72 மணி நேரம் கழித்தே பக்கவாதம் தெரிந்திருக்கிறது. சிலருக்கு அதற்கும் பிந்தி. வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து பேசுவார், வீட்டுக்காரர்களை அடையாளம் காண்பார், காபி கேட்பார். முதல் ஸ்கேனில் மூளை சுத்தமாக இருக்கும். அடித்தளத்தில் மயிரிழை விரிசல் மட்டும். மறுநாள் பணிமாற்றத்துக்கு வரும் நர்ஸ், "அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் நேரா நீட்டுங்க" என்பார். நீட்டிய கைகளில் ஒன்று மெல்ல உள்நோக்கித் திரும்பிக் கீழே சரியும். நோயாளிக்கு அது தெரியவே தெரியாது. அந்தச் சரிவுதான் பல சமயம் முதல் எச்சரிக்கை.

இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு. ஒரு கண்ணின் இமை மட்டும் இறங்கி, அந்தக் கண்ணின் பாவை சிறுத்துப்போனால், கரோட்டிட் சுவரைப் பற்றி ஓடும் நரம்பிழைகள் நசுங்கியிருக்கின்றன என்று பொருள். காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சல் கேட்பது, ஒரு பக்கக் கழுத்தில் விடாத வலி, ஸ்கேனில் காண்பதற்கும் உடல் பலவீனத்துக்கும் பொருத்தமில்லாமல் இருப்பது ஆகியவையும் எச்சரிக்கைகள்தான்.

கிரிசி, பெர்ன்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1974-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே இந்தத் தாமதத்தைப் பற்றியது. கரோட்டிட் கிழிவதற்கு நான்கு வழிகளை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள்: கழுத்தில் நேரடி அடி, தலை பின்னுக்கு மடங்கித் திரும்புவது, வாய்க்குள் படும் காயம், மண்டையோட்டு அடித்தள முறிவு. அதே 1974-ல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும், கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் எண்ணாக்கும் அளவுகோலை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் ஐசியு அட்டைகளில் 15-க்கு எத்தனை என்று எழுதப்படுவது அதுதான். மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ ரத்தக்குழாய்க்குள் பலூன் செலுத்தி அடைப்பது பற்றிய கட்டுரையை வெளியிட்டதும் அதே ஆண்டில். காயம் எப்படி வருகிறது, நோயாளி எந்த நிலையில் இருக்கிறார், உள்ளே போய் எப்படிச் சரிசெய்வது என்ற மூன்று கேள்விக்கும் இன்றைய விடைகள் ஒரே ஆண்டில் வேர்விட்டவை.

யாருக்கு ஆஞ்சியோகிராம்?

மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்-ரேயில் காணும் வழியை 1927-லேயே போர்ச்சுகலின் ஈகாஸ் மோனிஸ் காட்டிவிட்டார். ஆனால் தொடைத் தமனியில் குழாய் செலுத்திச் செய்யும் ஆஞ்சியோகிராமை, நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு யார் செய்வார்கள்? பக்கவாதம் வந்த பிறகுதான் தேடினார்கள். அதனால் விபத்து நோயாளிகளில் இந்தக் காயம் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. அறிகுறி வருமுன்பே தேடத் தொடங்கியதும் அது நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று உயர்ந்தது. காயம் பெருகவில்லை, கண்டுபிடிப்பது பெருகியது.

இந்தத் தேடலை முறைப்படுத்தியவை அமெரிக்காவின் மெம்பிஸ், டென்வர் நகரங்களின் விபத்துச் சிகிச்சைக் குழுக்கள். 1996-ல் மெம்பிஸில் திமோதி ஃபேபியன் குழு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்தவர்கள் மேலான நிலைக்கு வந்ததைக் காட்டியது. 1999-ல் டென்வரில் வால்டர் பிஃப்ல் காயத்தை ஐந்து நிலையாகப் பிரித்தார். குழாய் 25 சதவீதத்துக்குள் சுருங்கிய சிறு கிழிசல் முதல் நிலை. அதற்கு மேல் சுருங்கினாலோ, உள்ளே ரத்தக்கட்டி இருந்தாலோ இரண்டாம் நிலை. சுவர் பலூன்போலப் புடைத்தால் மூன்று, முழு அடைப்பு நான்கு, குழாய் அறுந்து ரத்தம் வெளியே பாய்ந்தால் ஐந்து. அவர் கண்ட கரோட்டிட் காயங்களில் பக்கவாதம் வந்த விகிதம் முறையே 3, 11, 33, 44, 100 சதவீதம். நூற்றுக்கும் குறைவான நோயாளிகளை வைத்துச் சொன்ன கணக்குதான். ஆனாலும் நிலை ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

யாருக்கெல்லாம் ரத்தக்குழாய் ஸ்கேன் தேவை என்று டென்வர் குழு தந்த பட்டியலில், முதலில் கரோட்டிட் செல்லும் எலும்புக் குழாயின் ஊடே போகும் முறிவு மட்டும் இடம்பெற்றது. பிறகு விரிவாக்கிய பட்டியலில் அடித்தள முறிவு என்ற வகையே சேர்ந்தது. மேல்தாடை முகத்தோடு பெயர்வது, கழுத்தெலும்பு முறிவு, தூக்கில் தொங்கி மீட்கப்பட்டவர்கள், வார்ப்பட்டை கழுத்தை அறுத்து வீங்கியவர்கள் எல்லாரும் அதில் உண்டு. கைச் சிரையில் சாயம் ஏற்றி, சில விநாடிகளில் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் வந்தபின் வேலை இன்னும் சுலபமானது.

விவாதம் இப்போது இன்னொரு பக்கம் நகர்ந்திருக்கிறது. எந்தப் பட்டியலை வைத்தாலும் சில காயங்கள் தப்பிவிடுகின்றன; ஆகவே பெரிய விபத்தில் வரும் எல்லாருக்கும் எடுத்துவிடலாம் என்கிறது ஒரு கட்சி. கதிர்வீச்சு, சிறுநீரகத்துக்குச் சாயத்தால் வரும் சுமை, இல்லாத காயத்தை இருப்பதாகக் காட்டும் நிழல்கள், அவற்றை நம்பித் தலைக்குள் ரத்தக்கசிவு உள்ளவருக்கு ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுக்கும் விபரீதம் ஆகியவற்றைச் சுட்டுகிறது மறுகட்சி. அடித்தள முறிவு தெரிந்துவிட்ட நோயாளியைப் பொறுத்தவரை இந்தச் சண்டைக்கே இடமில்லை. அவருக்கு எடுக்க வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்று.

உறையவும் கூடாது, ஒழுகவும் கூடாது

கண்டுபிடித்தபின் சிகிச்சை பெரும்பாலும் மலிவான மருந்துதான்: ஆஸ்பிரின், அல்லது ஹெப்பாரின். இவற்றில் எது மேல் என்பதை அறிய, கழுத்துத் தமனிச் சுவர் பிளந்த 250 பேரிடம் பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த கேடிஸ் ஆய்வு, 2015-ல் பெரிய வேறுபாடு இல்லை என்றது. அந்த நோயாளிகளில் பலருக்குப் பிளவு விபத்தில்லாமல் வந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், அடித்தள முறிவு உள்ளவருக்கு மூளையிலும் ரத்தக்கசிவு இருக்கலாம். கரோட்டிட்டுக்காக மருந்து கொடுத்தால் மூளையில் கசிவு பெருகலாம்; மூளைக்காக நிறுத்தி வைத்தால் கரோட்டிட்டில் கட்டி வளரலாம். இங்கே சூத்திரம் கிடையாது. மறு ஸ்கேனில் கசிவு அடங்கியதா என்று பார்த்து, நரம்பியல் அறுவை மருத்துவரும் விபத்துச் சிகிச்சை மருத்துவரும் கூடிப் பேசி, எந்த நாளில் தொடங்குவது என்று முடிவெடுக்கிறார்கள். சாதாரணப் பக்கவாதத்துக்குக் கொடுக்கும் கட்டி கரைக்கும் ஊசியும் புதிதாகத் தலைக்காயம் பட்டவருக்கு ஆகாது. ஆகவே பக்கவாதம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாத நோய் இது.

ஏழு முதல் பத்து நாளில் மறுபடி ஆஞ்சியோகிராம் எடுப்பது வழக்கம். முதல் நிலைக் காயங்களில் பாதிக்கு மேல் அதற்குள் ஆறிவிடுவதை டென்வர் குழு கண்டது. ஆறியவருக்கு மருந்தை நிறுத்திவிடலாம். சில காயங்கள் புடைப்பாக மாறும். அவற்றுக்கு ஸ்டென்ட் தேவையா என்று பார்ப்பார்கள். எல்லாருக்கும் வழக்கமாக ஸ்டென்ட் வைக்கத் தேவையில்லை என்பது அமெரிக்காவின் விபத்து அறுவை மருத்துவர்களின் ஈஸ்ட் அமைப்பு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியின் நிலை.

ஒரு வகைக் காயம் மட்டும் தன்னை ஒளிப்பதில்லை. கேவர்னஸ் சைனஸுக்குள் ஓடும்போது கரோட்டிட் கிழிந்தால், தமனி ரத்தம் நேரே சிரைக் குளத்தில் பாயும். சில நாட்களில் கண் சிவந்து வீங்கி முன்னே துருத்தும். நாடியோடு சேர்ந்து விழியும் துடிக்கும். இமை மேல் ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரைச்சல் கேட்கும். லண்டனில் பெஞ்சமின் டிராவர்ஸ் 1809-ல் இப்படித் துடித்த கண்ணுக்காகக் கழுத்தில் கரோட்டிட்டையே கட்டிவிட்டார். கண் அடங்கியது, ஆனால் அந்தப் பக்க மூளைக்குப் போகும் பிரதான வழியை அடைக்கும் சூதாட்டம் அது. நூற்றாண்டுக்கும் மேல் இதன் மாற்றுவடிவங்களே நடந்தன. செர்பினென்கோவின் பலூன், கிழிசலை மட்டும் அடைத்து தமனியைத் திறந்தபடி விட வழி காட்டியது. 1990களில் இத்தாலியரான குய்தோ குலியெல்மி உருவாக்கிய, உள்ளே விட்டுக் கழற்றக்கூடிய பிளாட்டினச் சுருள்கள் அந்த வழியை அகலமாக்கின. இன்று இந்தக் காயத்தில் பார்வை போவதும் போகாததும் பெரும்பாலும் எத்தனை சீக்கிரம் கண்டுகொண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

கண்டுகொள்ள அவகாசமே தராத காயமும் உண்டு. 2014 நவம்பர் 25 அன்று சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் பிலிப் ஹியூஸ் 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தபோது, எகிறிவந்த பந்து தலைக்கவசத்துக்குக் கீழே இடது கழுத்தில் பட்டது. பிடரிப் பக்கம் ஏறும் வெர்டிப்ரல் தமனி பிளந்து, மூளையைச் சுற்றி ரத்தம் கொட்டியது. மண்டையோட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தும் பயனில்லை. 27ஆம் தேதி இறந்தார். அந்தத் தமனியில் கிழிசல் உள்ளுக்குள் நின்றிருந்தால் மணிக்கணக்கில் நேரம் கிடைத்திருக்கும். சுவர் முழுதும் பிளந்ததால் நிமிடங்கள்கூட இல்லை. 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலிய உயர்நிலைக் கிரிக்கெட்டில் வேகப்பந்தை எதிர்கொள்பவர்களுக்குக் கழுத்துக் காப்பு கட்டாயம்.

எது திரும்பும், எது திரும்பாது

மீட்சி என்ற ஒரே சொல்லுக்குள் பல கடிகாரங்கள் ஓடுகின்றன. மண்டையோட்டு நரம்புகளுக்கு ஒரு கணக்கு. முகம் கோணிப்போவது அடிபட்ட கணமே வந்தால் நரம்பு அறுந்திருக்கலாம்; இரண்டு மூன்று நாள் கழித்து வந்தால் வீக்கத்தால் நசுங்கியிருக்கும், பெரும்பாலும் தேறிவிடும். விழியை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு சோர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும். மாதக்கணக்கில் மெல்ல மீளும். உட்காது உடைந்து போன செவித்திறன் திரும்புவது அரிது. சல்லடைத் தகட்டில் அறுந்த மணவுணர்வு பலருக்கு முழுதாக வருவதில்லை. சாம்பார் கருகுவதும் எரிவாயு கசிவதும் தெரியாமல் வாழப் பழக வேண்டியிருக்கும்.

மூளைக்கான கடிகாரம் இன்னும் மெதுவானது. அமெரிக்காவின் டிராக்-டிபிஐ ஆய்வு 2021-ல் தந்த விவரம், கைவிரிக்க அவசரப்படுவோர் படிக்க வேண்டியது. கடும் மூளைக்காயம் பட்டவர்களில் இரண்டாம் வார முடிவில் சுமார் 12 சதவீதத்தினர் மட்டுமே ஓரளவேனும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். ஓராண்டில் அது 52 சதவீதமாயிற்று. இரண்டு வாரம் ஆகியும் சுயநினைவில்லாமல் கிடந்தவர்களில் 78 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் நினைவு திரும்பியது. இடம், காலம் அறியும் தெளிவு திரும்பியது கால்வாசிப் பேருக்கு. நினைவு வருவதும் பழையபடி ஆவதும் ஒன்றல்ல என்பதை அந்தக் கால்வாசி சொல்கிறது.

கரோட்டிட் அடைத்து மூளையின் ஒரு பாதி வீங்கும்போது, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிடுவது உயிர் காக்கும். பக்கவாத நோயாளிகளிடம் நடந்த மூன்று ஐரோப்பிய ஆய்வுகளை 2007-ல் சேர்த்துப் பார்த்தபோது, அந்த அறுவை செய்தவர்களில் 78 சதவீதத்தினரும் செய்யாதவர்களில் 29 சதவீதத்தினரும் ஓராண்டில் உயிரோடு இருந்தார்கள். பிழைத்தவர்களில் கணிசமானோர் பிறர் துணையோடு வாழ்கிறார்கள் என்பதை அறுவைக்கு முன்பே குடும்பத்திடம் சொல்லியாக வேண்டும்.

நல்லது என்று நம்பிச் செய்தவை சில, ஆய்வில் தோற்றன. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது பல காலம் வழக்கம். 10,008 பேரிடம் நடந்த கிராஷ் ஆய்வு, 2004-ல், அது இறப்பைக் கூட்டுவதாகக் காட்டி வழக்கத்தை நிறுத்தியது. பக்கவாதம் வந்தவரை முதல் நாளே எழுப்பி அடிக்கடி நடக்க வைத்தால் சீக்கிரம் தேறுவார் என்ற எண்ணத்தை 2015-ல் அவெர்ட் ஆய்வு சோதித்தது. அளவுக்கு மீறிய அவசரம் பலனைக் குறைத்தது. வெற்றி பெற்றவையும் உண்டு. அமான்டடின் என்ற பழைய மாத்திரை, நினைவு மங்கிக் கிடந்த 184 பேரிடம் தேறும் வேகத்தைக் கூட்டியதை 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. மாத்திரையை நிறுத்தியதும் வேகம் குறைந்தது. பலமுள்ள கையை உறையிட்டு முடக்கி, சோர்ந்த கையையே வேலை வாங்கும் எட்வர்ட் டாப்பின் முறை, பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமானவர்களுக்கும் பலன் தந்ததை 2006-ல் எக்ஸைட் ஆய்வு நிறுவியது.

இந்தத் துறையின் பழைய சாட்சிகளில் ஒருவர் ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடிவைத்தபோது, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையுமுள்ள இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தின் கீழே புகுந்து, மண்டையோட்டு அடித்தளத்தைத் துளைத்து, உச்சி வழியே வெளியேறியது. ஹார்வர்டில் இருக்கும் அவருடைய மண்டையோட்டைக் கணினி ஸ்கேன் செய்து 2004-ல் வெளியான ஆய்வு, முக்கிய ரத்தக்குழாய்கள் தப்பியிருந்தன என்றது. குணம் மாறி வேலை இழந்தவர் என்றுதான் பாடநூல்கள் கேஜைச் சொல்லும். அதன்பின் பல ஆண்டுகள் அவர் சிலி நாட்டில் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதை வரலாற்றாசிரியர் மால்கம் மக்மில்லன் வலியுறுத்துகிறார்: நாள்தோறும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே ஒழுங்கு என்ற வேலை கேஜைச் சீராக்கியிருக்கலாம் என்பது அவர் வாதம். இன்றைய மறுவாழ்வு மையங்கள் திட்டம் போட்டுச் செய்வதும் அதைத்தான்.

நம் சாலைகளில்

இந்தியாவில் 2022-ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். 1949-ல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும் 1950-ல் சென்னையில் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய மாநிலம் இது. நிபுணத்துவத்துக்குப் பழசும் புதுசுமாகக் குறைவில்லை.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசுச் செலவில் தருகிறது. ரத்தக்குழாய்க் காயம் ஒளிந்திருக்கும் அவகாசத்தில் பெரும்பகுதி அந்த 48 மணி நேரத்துக்குள் அடங்கும். கழுத்து ஆஞ்சியோகிராம் எடுப்பதற்கும் ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று முடிவெடுப்பதற்கும் அதைவிட ஏற்ற நேரம் இல்லை. அடித்தள முறிவு கண்ட ஒவ்வொருவருக்கும் தலை ஸ்கேனோடு கழுத்து ஆஞ்சியோகிராமும் தானாகவே எடுக்கப்படுவது எல்லா விபத்துச் சிகிச்சை மையங்களிலும் விதியாக வேண்டும். மறுபக்கம், ஓராண்டு நீளும் மறுவாழ்வின் சுமை பெரும்பாலும் குடும்பத்தின் தலையில்தான். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே வீட்டுக்கு வரும் பிசியோதெரபி ஒரு தொடக்கம். பேச்சுப் பயிற்சியும் நினைவாற்றல் பயிற்சியும் அதே அளவு வீடு தேடி வர வேண்டும்.

தடுப்பது பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. தலைக்கவசம் இருசக்கர வண்டி ஓட்டிகளுக்குத் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைப்பதாக 2008-ன் காக்ரேன் தொகுப்பு கணக்கிட்டது. தாடைப் பட்டையைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்து வைத்தது அந்தக் கணக்கில் சேராது. முதல் மோதலிலேயே அது கழன்று தெறித்துவிடும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தலையில் அடிபட்டு, அடித்தளத்தில் முறிவு என்று ஸ்கேன் அறிக்கை வந்தால், மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கழுத்து ரத்தக்குழாய்களுக்கும் சிடி ஆஞ்சியோகிராம் எடுத்தாயிற்றா? காயம் இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எப்போது தொடங்கும்? மறு ஸ்கேன் எந்த நாளில்? நோயாளி நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போடாமல், முதல் நாளே கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் இமை இறங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை சரிந்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.